எளிமையின் அழகும் அதற்கான விலையும்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், டைடோகுஜி என்ற பௌத்த மடாலய வளாகத்துக்குள் அமைந்துள்ள கொஹோவான் கோயிலில் ஒரு மண் கிண்ணம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சுமார் 9 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட அந்தக் கிண்ணத்தில் ஓவியமோ வேலைப்பாடோ எதுவும் இல்லை. மங்கலான மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். வாய்ப்பகுதி முழு வட்டமாக அமையவில்லை. மேற்பூச்சில் மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. அடிப்பகுதியில் பூச்சு சரியாகப் பரவாமல் கொப்புளங்கள் போலத் திரண்டு நிற்கிறது.

கிசாயெமோன் கிண்ணம் என்று அழைக்கப்படும் இதனை ஜப்பானிய அரசு 1951ஆம் ஆண்டு தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. கிசாயெமோன் என்பது இதைச் செய்தவரின் பெயர் அல்ல. ஒரு காலத்தில் இதனை வைத்திருந்த ஒசாகா வணிகர் ஒருவரின் பெயர். செய்தவர் 16ஆம் நூற்றாண்டு அளவில் கொரிய தீபகற்பத்தில் வாழ்ந்த ஒரு குயவர் என்பதற்கு மேல் எவரும் எதுவும் அறியார்.

1931ஆம் ஆண்டு இந்தக் கிண்ணத்தைப் பார்க்கும் வாய்ப்பு சொயெட்சு யனாகி என்ற ஜப்பானிய அறிஞருக்குக் கிடைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கப்பட்ட ஐந்து பெட்டிகளைத் திறந்து, பஞ்சையும் பட்டுத் துணியையும் விலக்கிய பிறகே கிண்ணம் வெளியே வந்தது. ஏழைக் கொரியக் குடியானவர் சோறு உண்ணும் மலிவான கிண்ணம் இது என்றும், அழகுப் பொருள் செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாத ஒருவர் விரைவாகச் செய்து முடித்தது என்றும் யனாகி எழுதினார். அதன் அழகுக்குக் காரணமும் அதுவே என்பது அவருடைய வாதம்.

இத்தகைய கிண்ணங்கள் உண்மையில் சோற்றுக் கிண்ணங்கள்தானா என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவை வழிபாட்டுச் சடங்குகளுக்கான கலங்களாக இருந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் இருக்கின்றனர். ஆனால் யனாகி முன்வைத்த கருத்து அந்த ஒரு கிண்ணத்துடன் நின்றுவிடவில்லை. அன்றாடம் கையில் எடுத்துப் புழங்கும் எளிய பொருட்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்ற அந்தக் கருத்து, இன்று உலகெங்கும் வீட்டு அலங்காரக் கடைகளிலும் வாழ்க்கைமுறை நூல்களிலும் 'ஜப்பானிய எளிமை' என்ற பெயரில் விற்கப்படுவதன் முக்கிய ஊற்றுக்கண்களில் ஒன்று. அது எவ்வாறு பிறந்தது, எளிய பொருளைச் செய்தவருக்கு அதனால் என்ன நேர்ந்தது என்ற வரலாறு அந்தக் கடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

கிண்ணங்களுக்காக ஒரு போர்

எளிய மண்கலத்தை உயர்ந்ததாகக் கருதும் வழக்கம் ஜப்பானில் யனாகிக்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. தேநீர் அருந்துவதை ஒரு கலையாகவும் ஒழுக்கமாகவும் வகுத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் சென் நோ ரிக்யூ, 1522 முதல் 1591 வரை வாழ்ந்தவர். சீனத்திலிருந்து வந்த பளபளப்பான விலையுயர்ந்த கலங்களுக்குப் பதிலாக, கரடுமுரடான உள்ளூர்க் கலங்களையும் கொரியக் கிண்ணங்களையும் அவரும் அவரைச் சார்ந்தவர்களும் விரும்பினர். அவர் அமைத்ததாகக் கருதப்படும், இரண்டே பாய்கள் விரிக்கக்கூடிய அளவிலான தேநீர்க் குடில் ஒன்று கியோட்டோவுக்கு அருகே இன்றும் இருக்கிறது.

இந்த எளிமையைக் கொண்டாடியவர்கள் எளியவர்கள் அல்லர். ரிக்யூவின் புரவலரான ஹிதெயோஷி, ஜப்பான் முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த படைத்தலைவர். தங்கத் தகடு பதித்த தேநீர் அறை ஒன்றையும் அவர் வைத்திருந்தார். 1591ஆம் ஆண்டு அவருடைய ஆணையின் பேரில் ரிக்யூ தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஹிதெயோஷியின் படைகள் கொரியா மீது படையெடுத்தன.

1598 வரை நீடித்த அந்தப் போரில் கொரிய மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். திரும்பிச் சென்ற ஜப்பானியப் பிரபுக்கள், பிடித்துச் சென்ற பல்லாயிரக்கணக்கானோரில் குயவர்களும் அடங்குவர். இதனால் அந்தப் போருக்கு 'மண்கலப் போர்' என்ற பெயரும் உண்டு. கியூஷு தீவிலுள்ள அரிதாவில் 1616ஆம் ஆண்டு அளவில் பீங்கான் செய்வதற்கேற்ற கல்லைக் கண்டறிந்தவர் என்று மரபாகச் சொல்லப்படும் யி சாம் பியோங், அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட கொரியர்களில் ஒருவர். அதே தீவின் தெற்கே சத்சுமா பிரபுக்களின் ஆட்சிப் பகுதியில் குடியமர்த்தப்பட்ட குயவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கொரியப் பெயர்களையும் உடையையும் விடக்கூடாது என்று பணிக்கப்பட்டனர். ஊராருடன் கலந்துவிடாமல் தனிக் குடியிருப்பாக அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் ஷிம் குடும்பத்தினர் இன்றும் அங்கு மண்கலம் செய்து வருகின்றனர்.

ஒரு பொருளின் எளிமையை நேசிப்பதும் அதைச் செய்தவரை மனிதராக மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பள்ளி ஆசிரியர் கொண்டுவந்த ஜாடி

யனாகி 1889ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு கடற்படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பயின்று, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். இளமையில் அவருடைய ஈடுபாடு முழுவதும் மேற்கத்தியக் கலையிலும் தத்துவத்திலுமே இருந்தது. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் குறித்து அவர் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அவரும் நண்பர்களும் நடத்திய 'ஷிரகபா' என்ற இதழ்தான் ரொதான், செசான் போன்ற ஐரோப்பியக் கலைஞர்களை ஜப்பானிய இளைஞர்களுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. சிற்பி ரொதான் அந்தக் குழுவினருக்கு அனுப்பிய சிறிய வெண்கலச் சிற்பங்கள் யனாகியின் வீட்டில் வைக்கப்பட்டிருந்தன.

அந்தச் சிற்பங்களைப் பார்ப்பதற்காக 1914ஆம் ஆண்டு ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். கொரியத் தலைநகர் சோலில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய நொரிடகா அசகாவா என்ற ஜப்பானியர் அவர். வெறுங்கையுடன் வராமல், கொரியாவின் ஜோசன் அரசர்கள் காலத்து வெள்ளைப் பீங்கான் கலங்கள் சிலவற்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று, பட்டை பட்டையாகச் செதுக்கிய ஒரு ஜாடி. நீல நிறத்தில் சில புல் இதழ்கள் மட்டுமே அதில் தீட்டப்பட்டிருந்தன. ரொதானைப் பார்க்க வந்தவரிடமிருந்து யனாகி கொரியாவைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் எனலாம்.

கொரியா அப்போது ஜப்பானின் காலனியாக இருந்தது. 1910ஆம் ஆண்டு ஜப்பான் அதை இணைத்துக்கொண்டிருந்தது. 1916ஆம் ஆண்டு முதல் முறையாக அங்கு சென்ற யனாகி, பின்னர் திரும்பத் திரும்பச் சென்றார். 1919ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொடங்கிய கொரிய விடுதலைப் போராட்டத்தை ஜப்பானிய ஆட்சியாளர்கள் இரத்தம் சிந்த அடக்கியபோது, தம் நாட்டவர் பெரும்பாலோர் மௌனமாக இருந்த நிலையில், யனாகி யொமியுரி நாளிதழில் கொரியர்களுக்குப் பரிவாகக் கட்டுரை எழுதினார். 1922ஆம் ஆண்டு, சோல் அரண்மனையின் முன்வாயிலான குவாங்வாமுன்னை இடிக்கக் காலனி நிர்வாகம் திட்டமிட்டபோது அதைக் கண்டித்தும் எழுதினார். அரண்மனை வளாகத்துக்குள் ஜப்பானியர் எழுப்பிக்கொண்டிருந்த பிரம்மாண்டமான தலைமைச் செயலகத்தை அந்த வாயில் மறைத்தது என்பதே அதன் குற்றம். இறுதியில் வாயில் இடிக்கப்படாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் கொரியப் போரில் சேதமுற்ற அது, 2010ஆம் ஆண்டு மீண்டும் பழைய இடத்தில் மரத்தாலும் கல்லாலும் கட்டியெழுப்பப்பட்டது. தலைமைச் செயலகக் கட்டடத்தைத் தென் கொரிய அரசு 1990களின் நடுப்பகுதியில் இடித்துத் தள்ளிவிட்டது.

1924ஆம் ஆண்டு, அதே அரண்மனையின் ஒரு கட்டடத்தில் கொரிய மக்கள் கலைக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. மன்னர்களின் பொருட்களை அல்ல, சமையலறைக் கலங்களையும் சாப்பாட்டு மேசைகளையும் அது காட்சிக்கு வைத்தது. இதற்கான பணத்தில் ஒரு பகுதி யனாகியின் மனைவி கனெகோ கொரியாவில் நடத்திய இசை நிகழ்ச்சிகளிலிருந்து வந்தது. மேற்கத்திய செவ்வியல் இசையில் அவர் புகழ்பெற்ற பாடகி. யனாகியைப் பற்றி எழுதுவோர் பலர் அவருடைய பங்கை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

அதேபோலக் குறைவாகப் பேசப்படும் இன்னொருவர் நொரிடகாவின் தம்பி டகுமி அசகாவா. காலனி அரசின் வனத்துறை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், கொரிய மொழியைக் கற்று, கொரிய உடை அணிந்து வாழ்ந்தார். கொரிய வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உணவு வைக்கப் பயன்படும் சிறு மேசைகளைப் பற்றி 1929ஆம் ஆண்டு அவர் ஒரு நூல் எழுதினார். மேசையின் கால் ஏன் அவ்வாறு வளைந்திருக்கிறது, எந்த ஊரில் எந்த மரம் பயன்படுகிறது, பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்து அதன் நிறம் எப்படி முதிர்கிறது என்பனவே அந்த நூலின் அக்கறை. 1931ஆம் ஆண்டு 40 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய சவப்பெட்டியைச் சுமக்கக் கொரிய அயலவர்கள் முன்வந்தனர். அவருடைய கல்லறை சோல் நகரில் இன்றும் உள்ளது. காலனி ஆட்சியின் நினைவுகள் கசப்பாகவே இருக்கும் ஒரு நாட்டில், ஜப்பானிய அரசு ஊழியர் ஒருவரின் கல்லறை பேணப்படுவது சாதாரணமான விடயம் அல்ல.

சந்தைப் பெண்களின் சொல்

1923ஆம் ஆண்டு டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின்னர் யனாகி கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு மாதந்தோறும் கோயில் வளாகங்களில் கூடும் பழைய பொருள் சந்தைகளில், கொரியாவில் தாம் கண்ட அழகை ஜப்பானிய வீட்டுப் பொருட்களிலும் தேடத் தொடங்கினார். விளக்கெண்ணெய் வடிந்தால் தாங்கும் தட்டுகள், கருவாட்டுக் குழம்பு பரிமாறும் தாம்பாளங்கள், கிழிசல் தைத்த படுக்கை விரிப்புகள் போன்றவற்றை அங்கு விற்ற பெண்கள் 'கெதெமோனோ' என்றனர். தாழ்ந்த ரகச் சாமான் என்பது அதன் பொருள். சிறிது காலம் யனாகியும் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார். ஆனால் அதில் ஒட்டியிருந்த இழிவு அவருக்கு இடைஞ்சலாயிற்று.

1925ஆம் ஆண்டின் இறுதியில், ஷோஜி ஹமாதா, கன்ஜிரோ கவாய் என்ற இரண்டு குயக் கலைஞர்களுடன் மேற்கொண்ட ஒரு பயணத்தின்போது, 'மிங்கெய்' என்ற புதுச் சொல்லை அவர்கள் உருவாக்கினர். மக்களின் கைவினை என்ற பொருள் தரும் நீண்ட தொடரின் சுருக்கம் அது. 1936ஆம் ஆண்டு, குராஷிகி நகரின் பஞ்சாலை அதிபர் மகொசாபுரோ ஒஹாராவின் நிதியுதவியுடன், டோக்கியோவின் கொமாபா பகுதியில் ஜப்பானிய மக்கள் கைவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கு இன்றும் பொருட்களுக்கு அருகே விளக்கக் குறிப்புகள் மிகச் சுருக்கமாகவே வைக்கப்படுகின்றன. படித்துவிட்டுப் பார்க்காமல், பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும் என்பது யனாகியின் கொள்கை.

மிங்கெய் என்று அவர் எதைக் கருதினார் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் எளிமை என்று இன்று விற்கப்படுவதற்கும் அவர் சொன்னதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை எளிமை ஒரு பாணி அல்ல. தினமும் பயன்படும் பொருள் உறுதியாக இருக்க வேண்டும். ஆகவே மெல்லிய கைப்பிடிகளும் நுணுக்கமான வேலைப்பாடுகளும் அதற்கு ஒத்துவரா. மலிவாக இருக்க வேண்டும். ஆகவே உள்ளூர் மண்ணும் உள்ளூர் மரமுமே பொருந்தும். ஏராளமாகச் செய்ய வேண்டும். ஆகவே ஒரே அசைவைக் கை ஆயிரம் முறை செய்து, தயக்கம் என்பதையே மறந்துவிடுகிறது. இந்த நெருக்கடிகள் எல்லாம் சேர்ந்து தேவையற்றதைக் கழித்துவிட, எஞ்சுவது எளிமை. யாரும் எளிமையாகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து திட்டமிடுவதில்லை.

இதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, டோக்கியோவுக்கு வடக்கே உள்ள மஷிகோ என்ற ஊரில் செய்யப்பட்ட தேநீர்க் கெண்டிகள். 1853ஆம் ஆண்டு அளவில் மண்கலத் தொழில் தொடங்கிய அந்த ஊர், நகரத்துச் சமையலறைகளுக்குத் தேவையான தண்ணீர்த் தொட்டிகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் கெண்டிகளையும் செய்து அனுப்பி வந்தது. மினகாவா மசு என்ற எழுத்தறிவற்ற பெண்மணி, சிறுவயது முதல் அந்தக் கெண்டிகளில் மலை, மரம், நீர்நிலை கொண்ட ஒரே காட்சியைத் தீட்டி வந்தார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கெண்டிகள். கூலி சொற்பம். தூரிகையை எடுத்தால் ஒரு சில நொடிகளில் ஓவியம் முடிந்துவிடும். அந்த வேகத்தில்தான் அழகு இருக்கிறது என்றார் யனாகி.

அந்த வேகம் எதனால் வந்தது என்ற கேள்வியையும் இங்கு எழுப்ப வேண்டும். ஒவ்வொரு கெண்டிக்கும் கிடைத்த காசு சிறிது என்பதால், பிழைக்க அவர் விரைந்து தீட்ட வேண்டியிருந்தது. கூலி வேலையின் நிர்ப்பந்தத்தைத் தன்னலமற்ற படைப்பு என்று வசதியானவர் ஒருவர் வர்ணிப்பதில் உள்ள முரண்பாடு, மிங்கெய் இயக்கத்தின் மீது நீண்ட காலமாக வைக்கப்பட்டுவரும் விமர்சனங்களில் ஒன்று.

கொழும்பில் பிறந்த அறிஞர்

கைவினை அழிவதைக் கண்டு கவலையுற்றவர் அந்தக் காலத்தில் யனாகி மட்டும் அல்லர். பிரிட்டனில் வில்லியம் மொரிஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இயந்திர உற்பத்திக்கு எதிராகக் குரல் எழுப்பியிருந்தார். எல்லோருக்குமான அழகை விரும்பிய மொரிஸின் தயாரிப்புகளை வாங்க முடிந்தவர்களோ செல்வந்தர்களே.

மொரிஸின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர்களுள் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவருக்கும் மகனாக 1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர். இலங்கையின் கனிம வள ஆய்வுப் பணிக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்றபோது, கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்கள் தொழிலிழந்து நலிவதை அவர் கண்டார். அதன் விளைவாக 1908ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், முன்னர் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில் அச்சிடப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் 1947ஆம் ஆண்டு மறையும் வரை அவர் பணியாற்றினார்.

இருவருக்கும் இடையே ஒற்றுமை இருப்பினும் அழுத்தம் வேறுபடுகிறது. கைவினைஞருக்கு நிலமும் மானியமும் அளித்த அரசரும் கோயிலும் காலனி ஆட்சியில் மறைந்ததையும், இறக்குமதிச் சரக்குகள் உள்ளூர்த் தொழிலை நசுக்கியதையும் குமாரசுவாமி சுட்டிக்காட்டினார். கைவினைஞர் எதைத் தின்று வாழ்வார் என்ற வினா அவருடைய எழுத்தில் முன்னால் நிற்கிறது. யனாகியின் எழுத்தில் அது பின்னால் போய்விடுகிறது.

கொரியர்களின் ஆட்சேபம்

கொரியாவிலும் யனாகி மீதான மதிப்பீடு ஒருமுகமானது அல்ல. தென் கொரிய அரசு 1984ஆம் ஆண்டு, அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின்னர், அவருக்குப் பண்பாட்டு விருது வழங்கிச் சிறப்பித்தது. அதேவேளை, கொரியக் கலையின் சாரம் துயரமே என்றும், கொரியரின் வெள்ளை உடையும் வெள்ளைப் பீங்கானும் துக்கத்தின் அடையாளங்கள் என்றும் அவர் எழுதியதைக் கொரிய விமர்சகர்கள் கடுமையாக மறுத்து வந்துள்ளனர். ஆளப்படும் மக்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காணும் ஆட்சியாளரின் பார்வையே அதில் வெளிப்படுகிறது என்பது அவர்களுடைய வாதம். கொரிய முகமூடி ஆட்டங்களில் உள்ள எள்ளலும் சிரிப்பும் அவர் கண்ணில் படவில்லையா என்ற கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது.

2004ஆம் ஆண்டு யூகோ கிகுச்சியும், 2007ஆம் ஆண்டு கிம் பிராண்டும் வெளியிட்ட ஆய்வு நூல்கள், மிங்கெய் இயக்கம் ஜப்பானியப் பேரரசின் அரசியலுடன் எவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தது என்பதை ஆராய்ந்துள்ளன. கொரியா, ஒகினாவா, தைவான் ஆகிய இடங்களின் கைவினைப் பொருட்கள் டோக்கியோவில் இருந்தவர்களால் தெரிந்தெடுக்கப்பட்டு, அவர்களாலேயே தரம் பிரிக்கப்பட்டன. அதே யனாகிதான் 1940ஆம் ஆண்டு, ஒகினாவா மக்களின் மொழியைப் புறந்தள்ளிப் பொது ஜப்பானிய மொழியைத் திணிக்கும் உள்ளூர் நிர்வாகத்தின் போக்கைப் பகிரங்கமாக எதிர்த்தவரும் என்பதை மறந்துவிடலாகாது.

கையொப்பமிட்ட பெட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பான் செல்வச் செழிப்படைந்தபோது, மிங்கெய் பெரும் மோகமாக மாறியது. மஷிகோவில் குடியேறி உள்ளூர் மண்ணிலேயே கலங்கள் செய்துவந்த ஹமாதாவுக்கு 1955ஆம் ஆண்டு, 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று பொதுவாக அழைக்கப்படும் அரசு அங்கீகாரம் கிடைத்தது. அவருடைய நண்பர் கவாய் இத்தகைய பட்டங்களை ஏற்க மறுத்துவிட்டார். ஹமாதா தமது கலங்களில் கையொப்பம் இடுவதில்லை. ஆனால் அவை வைக்கப்படும் மரப் பெட்டிகளில் அவருடைய கையெழுத்து இருந்தது. சேகரிப்பாளர்கள் பெட்டியைப் பத்திரமாகக் காத்தனர். பெட்டி இல்லாத கலத்துக்கு விலை குறைவு.

யனாகியின் மகன் சொரி யனாகி வேறொரு வழியில் சென்றார். தொழிற்சாலையில் செய்யப்படும் பொருளும் அன்றாடப் பயனிலிருந்து வடிவம் பெற்றால் அழகாக இருக்க முடியும் என்று கருதிய அவர், கெண்டிகள், கரண்டிகள், வளைத்த ஒட்டுப்பலகையாலான முக்காலிகள் ஆகியவற்றை வடிவமைத்தார். 1977ஆம் ஆண்டு தந்தையின் அருங்காட்சியகத்துக்கும் அவர் இயக்குநரானார். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் நல்ல பொருள் என்ற நிபந்தனைக்கு, கையொப்பமிட்ட பெட்டிகளைவிட அவருடைய கெண்டி நெருக்கமானது என்றே தோன்றுகிறது.

1980ஆம் ஆண்டு செய்யூ என்ற பேரங்காடி நிறுவனம், 40 பொருட்களுடன் ஒரு வரிசையை அறிமுகப்படுத்தியது. முத்திரை இல்லாத நல்ல பொருள் என்று பொருள்படும் அதன் நீண்ட பெயர் பின்னர் முஜி என்று சுருங்கியது. உடைந்துபோன உலர் காளான்களைக் கழித்து எறியாமல் குறைந்த விலைக்கு விற்றது அதன் ஆரம்பகால உத்திகளில் ஒன்று. சுவையில் வேறுபாடு இல்லாதபோது உருவத்துக்காக ஏன் கூடுதல் பணம் என்பதே அதன் வாதம். முத்திரை வேண்டாம் என்ற அந்த எண்ணம் இன்று பல நாடுகளில் கிளைகள் கொண்ட ஒரு முத்திரையாகிவிட்டது. வெளிநாடுகளில் அதன் பொருட்கள் மலிவானவை என்றும் சொல்ல முடியாது. அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்துவந்த வடிவமைப்பாளர் நவோதோ ஃபுகாசாவா 2012ஆம் ஆண்டு மிங்கெய் அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

வேண்டாத பொருட்களைக் கழிக்குமாறு உலகுக்குக் கற்பித்த மாரி கொண்டோ, 2019ஆம் ஆண்டு இணையத்தில் பொருட்கள் விற்கும் கடை ஒன்றைத் திறந்தபோது பரவலான கேலிக்கு ஆளானார். யனாகி கழிப்பதைப் பற்றிப் பேசவில்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அவருடைய வீடு பொருட்களால் நிறைந்திருந்தது. அவர் வலியுறுத்தியது, வாங்கிய பொருளைப் பெட்டியில் பூட்டாமல் பயன்படுத்த வேண்டும் என்பதை.

மண் இடிக்கும் ஓடை

இந்தக் கருத்துகளுக்கெல்லாம் நிலத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் காண, கியூஷு தீவின் மலைப்பகுதியில் ஹிதா நகருக்கு அப்பால் உள்ள ஒன்டா என்ற சிற்றூர் சிறந்த இடம். 1705ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கூறப்படும் அந்த மண்கலத் தொழிலில் ஈடுபட்டுள்ள குடும்பங்கள் பத்துக்கு மேற்பட்டவை அல்ல. 1931ஆம் ஆண்டு அங்கு சென்ற யனாகி, தாம் தேடிய உலகம் உயிருடன் இருப்பதாக எழுதினார். 1954ஆம் ஆண்டு ஆங்கிலேயக் குயக் கலைஞர் பெர்னார்ட் லீச் அங்கு தங்கிப் பணியாற்றியதும் ஊரின் புகழ் பரவியது.

1970களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மானுடவியலாளர் பிரையன் மோரன் அங்கு தங்கி ஆய்வு செய்தார். அவர் கண்டது கலவையான சித்திரம். முன்பு அந்தக் குடும்பங்கள் வயல் வேலையிலும் சூளை வேலையிலும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்ந்தன. மிங்கெய் மோகத்தால் கலங்களுக்குக் கிராக்கி பெருகியதும் விவசாயம் பின்தள்ளப்பட்டது, சூளை அடிக்கடி எரிந்தது, வருமானம் உயர்ந்தது. குயவர்கள் அல்லாத அயல் குடும்பங்களுடன் இடைவெளி ஏற்பட்டது. நகரத்து விமர்சகர்களோ, பணம் வந்ததும் கலங்களின் அழகு குறைந்துவிட்டது என்று குறை கூறினர். அதாவது, கலங்களை விரும்பி வாங்கி அவற்றின் விலையை உயர்த்தியவர்களே, குயவர்கள் ஏழைகளாகத் தொடரவில்லையே என்று வருந்தினர். கூரை ஒழுகாத வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் விரும்பியதற்காகக் குயவரை எவர் குறை சொல்ல முடியும்?

எனினும் ஒன்டா முற்றிலும் மாறிவிடவில்லை. இன்றும் கலங்களின் அடியில் ஊரின் பெயர்தான் பொறிக்கப்படுகிறது. தனிநபர் கையொப்பம் இல்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையே தொழிலை ஏற்கிறார். வெளியிலிருந்து மாணவர்களோ கூலியாட்களோ சேர்க்கப்படுவதில்லை. 1995ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு தனிநபர் எவரையும் குறிப்பிடாமல் ஊராரின் குழுவையே முக்கியப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

எவ்வளவு செய்யலாம் என்பதை அங்கு தீர்மானிப்பது ஓடைதான். மலையிலிருந்து வெட்டி எடுக்கும் கெட்டியான மண்ணைப் பொடியாக்க, 'கராவுசு' என்னும் நீர் உலக்கைகளை அவர்கள் பயன்படுத்துகின்றனர். நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் குடையப்பட்ட தொட்டியில் ஓடை நீர் நிரம்பும். கனம் தாங்காமல் அந்த முனை தாழ்ந்து நீர் கொட்டிப்போகும். உடனே மறுமுனை விழுந்து மண்ணை இடிக்கும். இரவு பகலாக இது நடந்தாலும், ஒரு குவியல் மண் பொடியாக வாரக்கணக்கில் ஆகும். பிறகு அதைக் கரைத்து, வடிகட்டி, உலர்த்த வேண்டும். இயந்திரம் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. அவ்வாறு செய்தால் பெரிய சூளை வேண்டும், கூலியாட்கள் வேண்டும், விற்பனைக்குப் போட்டி தொடங்கும் என்பது ஊராருக்குத் தெரியும்.

2017ஆம் ஆண்டு ஜூலையில் கியூஷுவின் வடபகுதியில் பெய்த பெருமழையில் ஓடை பெருக்கெடுத்து, பல உலக்கைகள் சேதமடைந்தன. ஊரார் அவற்றைச் சீர்செய்து, மீண்டும் ஓடை நீரிலேயே மண்ணை இடிக்கத் தொடங்கினர்.